மெத்தை இல்லாத வீடு

1

ஜூன் ஒன்றாம் தேதி நம்மூரில் பள்ளிக்கூடம் திறப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பீர்கள். நான் இருக்கிற ஃப்ளோரிடாவில் அன்றைக்குப் புயல் காலம் திறக்கிறது. நவம்பர் முப்பதாம் தேதி மூடுகிறது. காற்றுக்கு யார் தேதி குறித்துக் கொடுத்தார்கள் என்று வந்த புதிதில் கேலி செய்திருக்கிறேன். பதினாலு வருடம் ஆகிவிட்டது, இப்போது கேலி செய்வதில்லை. கடலூரில் பிறந்தவளுக்கு இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. இங்கே மூடுகிற சமயத்தில் அங்கே கார்த்திகை நடந்துகொண்டிருக்கும். கடலூர் முதுநகரில் எங்கள் பழைய வீட்டில் லாத்தா, அதாவது என் அக்கா, இருக்கிறாள். அவளுக்காக டிசம்பர் பாதி வரைக்கும் பயப்பட வேண்டும். ஆக வருடத்தில் ஏழு மாதம் எனக்கு வானிலை அறிக்கைதான் சீரியல்.

என் வீட்டுக்காரர், அவரை நான் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன், இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டரும் ஏசியும் பார்க்கிறவர். புயல் என்றால் முதலில் அவரைத்தான் வேலைக்குக் கூப்பிடுவார்கள். கரண்ட் போகிற நேரத்தில் ஜெனரேட்டர்காரர் வீட்டில் உட்கார முடியுமா? அதனால் வீட்டைப் புயலுக்குத் தயார் செய்வது முழுக்க என் தலையில்தான். ஜூன் பிறந்ததும் ஜன்னலுக்கு மாட்டுகிற தகரப் பலகைகளை எண்ணிப் பார்ப்பேன், போன வருடத்து பேட்டரியில் எது செத்திருக்கிறது என்று பார்ப்பேன். பிறகு காகிதப் பையைத் திறப்பேன். தண்ணீர் புகாத பை அது. பாஸ்போர்ட்டுகள், வீட்டுப் பத்திரம், சிதம்பரத்தில் நான் படித்து வாங்கிய டிகிரி சர்டிபிகேட், எங்கள் நிக்காஹ் பதிவின் நகல் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அந்த நிக்காஹ் நகலை இங்கிலீஷில் மாற்றி மஞ்சக்குப்பத்தில் ஒரு வக்கீலிடம் முத்திரை வாங்குவதற்குள் மச்சானின் ஒரு மாத லீவு தீர்ந்துவிட்டது. இந்த ஊர் ஆபீசர் அதை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது, இதில் ஏன் போட்டோ இல்லை என்று கேட்டார்.

வீட்டு இன்சூரன்சுக்கும் அப்படி ஒரு கதை உண்டு. காற்றில் கூரை பறந்தால் ஒரு கம்பெனி, தண்ணீர் தரைவழியாக வந்தால் வேறொரு கம்பெனி. பறந்த கூரை வழியாகத் தண்ணீர் வந்தால் யார் என்று ஏஜெண்டிடம் கேட்டேன். நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். நல்ல மனுஷன்தான், பொய் சொல்லவில்லை.

போன வாரம் இந்தப் பையைத் துடைத்து அடுக்கும்போது மூன்று வருடத்துக்கு முந்திய புயல் நினைவுக்கு வந்தது. அதற்கும் அரசாங்கம் ஒரு பெயர் வைத்திருந்தது. நான் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. அந்தப் புயலில் நான் செய்த தப்பை ஊரில் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அந்தத் தப்பைக் கடலூர்க்காரியைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

2

எங்கள் பக்கம் தளம் போட்ட வீட்டை மெத்தை வீடு என்பார்கள். மொட்டை மாடிதான் மெத்தை. எங்கள் வாப்பாவுக்கு மளிகையில் மொத்த வியாபாரம். துறைமுகத்துக்கு நடக்கிற தூரத்தில், தெருவில் முதன்முதலாகத் தளம் போட்டது எங்கள் வீட்டுக்குத்தான்.

புயல் சின்னம் என்றால் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவார்கள். மூன்றாம் எண் வரைக்கும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஏழு என்று ரேடியோ சொன்னால் வாப்பா கடையிலிருந்து ஒரு மூட்டை புழுங்கலரிசி வீட்டுக்கு வந்துவிடும். உம்மா அண்டா, குடம், சொம்பு வரை தண்ணீர் பிடித்து வைப்பாள். தீப்பெட்டிகளைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றுவாள். எட்டு என்றால் வாப்பா தெருக்கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்து, காற்றில் சாத்திக்கொள்ளாதபடி கல்லை முட்டுக் கொடுப்பார். புயல் வருகிறது என்றால் ஊரெல்லாம் கதவைச் சாத்தும். எங்கள் வீட்டில் அன்றைக்குத்தான் திறப்பார்கள்.

கடற்கரைக் குப்பத்தில் கூரை வீட்டில் இருக்கிற மீனவக் குடும்பங்களுக்காக அது. அழைப்பு எதுவும் கிடையாது. மெத்தை வீட்டுக் கதவு திறந்திருந்தால் வரலாம் என்று அவர்களுக்குத் தெரியும். முதலில் வருவது அஞ்சலைதான். தினமும் எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிறவள், உம்மா வயசு. இரண்டு பிள்ளைகள், புருஷனின் வலை, ஒரு பெரிய கூடை கருவாடு, இவ்வளவும் அவளோடு வரும். கருவாட்டைப் பார்த்ததும் உம்மா வாசலை மறித்துக்கொள்வாள்.

"அஞ்சல, ஒன் புள்ளைங்களுக்கு எடம் இருக்குது. ஒன் கருவாட்டுக்குக் கெடயாது."

"அதுவும் என் புள்ளதாம்மா. அத்த வுட்டுட்டு எப்பிடி வர்றது?"

ஒவ்வொரு புயலுக்கும் இந்தப் பேச்சு நடக்கும், ஒவ்வொரு புயலுக்கும் கருவாடு மாடிப்படி மேல்முனைக்குப் போய்ச் சேரும். வாசம் அடங்க ஒரு மாதம் ஆகும். இரவானால் வாப்பா கூடத்தில் குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதுவார். பின்கட்டில் அஞ்சலையின் மாமியார் மாரியம்மனுக்குக் கற்பூரம் கொளுத்துவாள். சாம்பிராணியும் கற்பூரமும் சேர்ந்து எங்களுக்கெல்லாம் இருமல் வரும். நாற்பது பேருக்குக் கஞ்சி வைத்து, நாற்பது பேரையும் விடியும் வரைக்கும் அதட்டிக்கொண்டே இருப்பாள் உம்மா. அந்த அதட்டலில் எங்களுக்குப் பயம் தெரியாது.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமையும் நான் அந்த மெத்தையில் நின்றவள்தான். ஓடி வந்தவர்கள் எல்லாம் மேலே ஏறினார்கள். தண்ணீர் எங்கள் தெருமுனையோடு நின்று திரும்பியது. எது வந்தாலும் மெத்தைக்கு ஏறு என்பது எனக்குப் புத்தியில் இருந்த பாடம் இல்லை, காலில் இருந்த பழக்கம்.

3

இங்கே எங்கள் தெருவுக்குப் பின்னால், ஒரு வாய்க்காலைத் தாண்டி, சக்கரத்தின் மேல் உட்கார்த்திய தகர வீடுகள் வரிசையாக இருந்தன. அதில் ஒன்றில் ரோசா இருந்தாள். குவாத்தமாலா நாட்டுக்காரி. மலை ஊர், கடலையே இங்கே வந்துதான் பார்த்தாள். புருஷனுக்கு வேறு மாநிலத்தில் கூரை போடுகிற வேலை. ஐந்து வயதில் லூசியா என்று ஒரு மகள், பத்து மாதத்தில் ஒரு கைக்குழந்தை. எங்கள் மகள் சாஜிதா சனிக்கிழமைகளில் லூசியாவைப் பார்த்துக்கொள்வாள், அப்படித்தான் பழக்கம். எனக்கும் ரோசாவுக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை இங்கிலீஷ். ஒருநாள் அவசரத்தில் நான் கரண்ட் போய்விடும் என்று நம்மூர் மாதிரியே சொல்லிவிட்டேன். அவளுக்கு உடனே புரிந்தது. அவர்கள் பேச்சிலும் அதற்குக் கிட்டத்தட்ட அதே வார்த்தையாம். அன்றைக்கு இரண்டு பேரும் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டோம்.

அந்தப் புயல் எங்கள் கரையை ஒட்டிய வளைகுடாவில் எங்களை நோக்கித் திரும்பியபோது முதலில் தகர வீட்டுக்காரர்களை வெளியேறச் சொன்னார்கள். ரோசாவிடம் கார் கிடையாது. உயர்நிலைப் பள்ளி ஒன்றை முகாமாக்கி, கார் இல்லாதவர்களுக்குப் பஸ் விட்டார்கள். போனில் பெயர் கொடுத்தால் வந்து ஏற்றிக்கொள்ளும். ரோசாவும் பெயர் கொடுத்திருந்தாள். ஆனால் பயந்துகொண்டிருந்தாள். முகாமில் காகிதம் கேட்பார்களோ, எந்த விசாவில் இருக்கிறாய் என்று கேட்பார்களோ என்று. எங்களுக்கு கிரீன் கார்டு வர பதினோரு வருடம் ஆனது. அந்தப் பயம் எனக்கும் தெரியும்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? நீ எங்கேயும் போக வேண்டாம், என் வீட்டுக்கு வா என்றேன். தகர வீடு இல்லை, கான்கிரீட் வீடு என்று சுவரைத் தட்டிக் காட்டினேன். எங்கள் ஊர் வீட்டில் நாற்பது பேரைத் தங்க வைத்தவர்கள் நாங்கள் என்று பெருமையும் அடித்துக்கொண்டேன். ரோசா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அன்று சாயங்காலமே போன் போட்டு, பஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இந்த நாட்டில் பத்துப் பதினோரு வருடமாக நான் வாங்கிக்கொண்டே இருந்தவள். யாராவது வழி சொல்ல வேண்டும், யாராவது கையெழுத்துப் போட வேண்டும், யாராவது பொறுத்துக்கொள்ள வேண்டும். முதல்முறையாக என் வாசல் ஒருத்தருக்குத் திறந்திருந்தது. லாத்தாவுக்குப் போன் செய்து சொன்னேன். உம்மா கணக்காவே ஆயிட்ட போ என்றாள். அதைக் கேட்டபிறகு என் கால் தரையில் பாவவில்லை. கூடத்து சோபாவை ஓரம் தள்ளி, லூசியாவுக்கும் கைக்குழந்தைக்கும் தரையில் மெத்தென்று போர்வைகளை விரித்து வைத்தேன்.

மச்சான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, நம்ம வீடு எந்த ஜோன், எந்த அபாயப் பகுதி என்று பார்த்தாயா என்று கேட்டார். பார்த்துவிட்டேன், எக்ஸ், பயம் இல்லாத ஜோன் என்றேன். பொய் இல்லை. இன்சூரன்ஸ் காகிதத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

4

சாஜிதாவுக்கு அப்போது பதினாறு வயது. அவளைப் பற்றி எனக்குப் பெரிய மனக்குறை இருந்தது. தமிழ் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அறைக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில், அதுவும் ஒரு வார்த்தையில். லாத்தா போனில் பேசினால் தலையை மட்டும் ஆட்டுவாள். போனில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும்? நான் ஊர்க் கதை சொல்லும்போதெல்லாம் காதில் எதையோ மாட்டிக்கொண்டிருப்பாள். இவள் என்னை விட்டுப் போய்விட்டாள் என்றே நினைத்திருந்தேன்.

புயலுக்கு முந்தின நாள் காலை அவள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். நான் ஸ்டூலில் ஏறி கடைசி ஜன்னலுக்கு உள்பக்கம் டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். அது பிரயோஜனம் இல்லை என்று இந்த ஊரில் எல்லாரும் சொல்வார்கள், இருந்தாலும் கை கேட்காது. கீழே நின்று தமிழில் கேட்டாள். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி.

"உம்மா, நீங்க எப்பவும் மெத்தைக்கு ஏறினோம், மெத்தைக்கு ஏறினோம்னு சொல்வீங்க. இங்க தண்ணி வந்தா நாம எங்க ஏறுவோம்?"

நான் யோசிக்கவே இல்லை. விரல் தானாக மேலே காட்டியது. காட்டிய பிறகுதான் விரல் போன இடத்தைப் பார்த்தேன். மேலே அட்டைக் கூரை. அதற்கு மேலே மரச் சட்டம், பலகை, அதற்கு மேலே தார் அட்டை. படிக்கட்டு கிடையாது. இது எனக்குத் தெரியாததா? இரண்டு வருடம் முன்னால் அந்தக் கூரையை மாற்றியபோது கையெழுத்துப் போட்டதே நான்தான். சுவர் கான்கிரீட் என்றதும் தளமும் கான்கிரீட், தளம் என்றால் மெத்தை என்று மனசு கடலூரில் போய் உட்கார்ந்துகொண்டுவிட்டது.

சாஜிதா போனைக் காட்டினாள். எங்கள் தெருவையும் வெளியேறச் சொல்லி விடியற்காலையே உத்தரவு வந்திருந்தது. நாம் எக்ஸ் என்றேன். அது இன்சூரன்ஸ்காரன் ஜோன், வெளியேறுகிற ஜோன் வேறு, அதில் நாம் பி என்றாள். ஒரே வீட்டுக்கு இரண்டு எழுத்து. எனக்குக் கோபம்தான் வந்தது. ஸ்டூலில் நின்றபடியே அவளைப் பார்த்துக் கத்தினேன். நீ எனக்குப் புயல் சொல்லித் தருகிறாயா, நான் எத்தனை புயல் பார்த்தவள் தெரியுமா என்றெல்லாம். நான் முடிக்கிற வரைக்கும் நின்றுவிட்டு, ரோசாவுக்கு இது தெரியுமா என்று மட்டும் கேட்டாள்.

அப்போதுதான் ஸ்டூலிலிருந்து இறங்கினேன். நானும் சாஜிதாவும் காரில் ஏறிப் போய்விடலாம். ரோசா என் வார்த்தையை நம்பிப் பஸ்ஸை விட்டவள். பஸ்ஸுக்குத் திரும்பப் போன் போட்டேன், பதிவு முடிந்துவிட்டது என்றார்கள். அவளை எங்கள் காரில் அழைத்துப் போவது கஷ்டம் இல்லை. அவள் முன்னால் போய் நின்று, நான் சொன்னது தப்பு, என் வீடு உனக்கு ஆகாது என்று சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. வா என்று கூப்பிட்டவர்களிடம் வராதே என்று சொல்வது எங்கள் வீட்டில் நடந்ததே இல்லை. போலீஸ் வந்து விரட்டியது என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். காலில் செருப்பை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்துவிட்டு, லாத்தாவைக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலத் தொழுகை, மஃரிப், முடிந்த நேரம்.

நான் அழுது முடிக்கும்வரை கேட்டுவிட்டு, இதில் என்ன அதிசயம், உம்மாவே ஒரு தடவை அப்படிச் சொல்லியிருக்கிறாள் என்றாள் லாத்தா. நான் நம்பவில்லை.

"நீ சிதம்பரத்துல ஹாஸ்டல்ல இருந்தே அப்ப. ஒனக்குப் பரிட்சை, சொல்லவேணாம்னு வுட்டுட்டோம். அந்த வருசம் மெத்த விரிசல் வுட்டு, கம்பி வெளிய தெரிஞ்சிது, அப்புறந்தான் சரி பண்ணுனது. கதவ சாத்தி வெச்சிட்டா வரமாட்டாங்கன்னாரு வாப்பா. உம்மா கேக்கல. சாத்தின கதவப் பாத்து ராத்திரி மழையில வந்து நிப்பாங்க, போயி சொல்லணும்னு, அவுங்களே குப்பத்துக்கு நடந்து போனாங்க."

உம்மா அப்படித் தெருவில் நடந்து போகிறவள் இல்லை. குப்பம் வரைக்கும் போனதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. போய் என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"இந்த வாட்டி எங்க வூட்ட நம்பாதீங்க, ஸ்கூலுக்குப் போங்கன்னாங்க. சொல்லிட்டுத் திரும்பி வரல. அவுங்க கூடவே ஸ்கூலுக்குப் போயி பெஞ்சு மேல படுத்துக்கினாங்க. எங்களையும் அங்கதான் இட்டுக்கினு போனாரு வாப்பா."

அஞ்சலைக்குக் கோபம் வரவில்லையா என்றேன். லாத்தா சிரித்தாள். கோவமா, மெத்த வீட்டம்மா நம்ம கூட பெஞ்சுல கெடக்குதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்திச்சி என்றாள். பிறகு அதட்டினாள், உம்மா குரலிலேயே. பேசிக்கினு நிக்காத, போ.

5

வாய்க்கால் பாலத்தைத் தாண்டும்போதே காற்று துப்பட்டாவை இழுத்தது. ரோசா என் வீட்டுக்கு வருவதற்குக் கிளம்பி உட்கார்ந்திருந்தாள். இரண்டு பை, குழந்தைக்குப் பால் பவுடர். லூசியா ஷூ போட்டு, முதுகில் பள்ளிப் பையும் மாட்டி, கதவுப் படியில் நின்றிருந்தாள். அதைப் பார்த்ததும் போலீஸ் கதை என் மனசை விட்டே போய்விட்டது. நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், என் வீட்டில் ஏறுவதற்கு இடம் இல்லை, தண்ணீர் வரும், எல்லாரும் சேர்ந்து பள்ளிக்கூடத்துக்குப் போகலாம் என்றேன். இலக்கணம் எல்லாம் பார்க்கவில்லை.

ரோசா முகம் வெளுத்தது. முதலில் பஸ் என்றாள். போய்விட்டது, என் கார் இருக்கிறது என்றேன். பிறகு காகிதம் என்றாள். நான் முன்னால் நிற்கிறேன், உன்னைக் கேட்டால் என்னைக் கேட்ட மாதிரி என்றேன். அவள் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு என்னையே பார்த்தாள். அந்த ஒரு நிமிஷத்தில் அவள் வர மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். இனி உன் பேச்சைக் கேட்க மாட்டேன் என்று சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? அவள் பைகளை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தால் காரில் இடம் இல்லை. கிளம்புகிற அவசரத்தில் நான் அரிசி மூட்டை, பெரிய டேக்சா, ஊரிலிருந்து தூக்கி வந்த மிக்ஸி எல்லாவற்றையும் பின்சீட்டில் அடைத்து வைத்திருந்தேன். சாஜிதா ஒவ்வொன்றாக இறக்கி, ரோசா எடுத்து வந்த குழந்தை சீட்டுகளைப் பெல்ட் போட்டு இறுக்கினாள். மிக்ஸியை மட்டும் மடியில் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். கருவாடு மாதிரியா உம்மா என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காதில் மாட்டிக்கொண்டு இந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். மிக்ஸி வீட்டிலேயே நின்றது.

அரைமணி நேர வழிக்கு மூன்று மணி நேரம் ஆனது. பள்ளி வாசலில் அட்டையும் பேனாவுமாக ஒரு வயதான அம்மாள் நின்றிருந்தார். நான் ரோசாவுக்கு முன்னால், காகிதப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய் நின்றேன். பெயர் என்ன, எத்தனை பேர், யாருக்காவது மருந்து வேண்டுமா, குழந்தைக்குப் பால் இருக்கிறதா. நாலு கேள்வி, அவ்வளவுதான். அடுத்து என்ன என்று நான் நிற்கிறேன். உள்ளே போம்மா, நனைகிறாய் பார் என்றார். இந்த நாட்டில் எத்தனையோ கவுண்டர்களில் எத்தனையோ காகிதம் நீட்டியிருக்கிறேன். ஒரு காகிதமும் கேட்காமல் என்னை உள்ளே விட்ட முதல் வாசல் அது. அங்கேயே நின்று அழுதுவிட்டேன். அந்த அம்மாளின் பெயர் எனக்குத் தெரியாது. தொழுகையில் அவருக்காக இன்றும் கேட்கிறேன்.

நாலு ராத்திரி ஒரு வகுப்பறையில் இருந்தோம். கரண்ட் இருந்தவரைக்கும், காலடியில் வைத்துக் கொண்டுவந்த ரைஸ் குக்கரில் கொஞ்சம் அரிசி போட்டுக் கஞ்சி வைத்தேன், அந்த அறையில் இருந்த பதினெட்டுப் பேருக்கும் பேப்பர் கப்பில் கொடுத்தேன். இது என்ன சூப் என்றார்கள், வெந்தயம் போட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்றேன். காற்று ஜன்னலை அறைந்த நேரத்தில் லூசியா சாஜிதாவின் மடியில் இருந்தாள். சாஜிதா அவளுக்குக் காதோடு ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். கிட்டப் போய்க் கேட்டேன். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் பாடிய தாலாட்டு, பாதி வார்த்தை தப்புத் தப்பாக. நான் திருத்தவில்லை.

6

நான்கு நாள் கழித்துத் தெருவைத் திறந்து விட்டார்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தகர வீடுகள் இருந்த இடத்தில் தகரம் மட்டும் கிடந்தது. ரோசாவின் வீடு பக்கத்து வீட்டின் மேல் சாய்ந்து கிடந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே குழந்தையைத் தட்டிக் கொடுத்தாள். வேறு போக்கிடம் இல்லாததால் எல்லாருமாக எங்கள் வீட்டுக்கு வந்தோம்.

எங்கள் வீடு நின்றிருந்தது. கூரையில் நாலைந்து அட்டைதான் குறைந்திருந்தது. ஜன்னல் தகரம் ஒன்றுகூடக் கழலவில்லை. ஒரு கணம் எனக்குப் பழைய பெருமை எட்டிப் பார்த்தது, மறைக்க மாட்டேன். இங்கேயே இருந்திருக்கலாமோ என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அங்கே வந்திருந்த மச்சான் தோளால் கதவை இடித்துத் திறந்தார்.

உள்ளே சேறு. ஃபிரிட்ஜ் மல்லாந்து கிடந்தது. நான் விரித்த போர்வைகள் கூடத்து மூலையில் சேற்றோடு சேறாக ஒட்டியிருந்தன. வெள்ளைச் சுவரில், அறை அறையாகச் சுற்றி, அடிஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஒரு பழுப்புக் கோடு. தண்ணீர் ஏறி நின்ற இடம். இரவு இரண்டு மணிக்கு ஏறி, விடிகிறவரைக்கும் வடியவில்லை என்று பிறகு தெரிந்துகொண்டோம்.

லூசியா தாயின் கையை விட்டுவிட்டுக் கூடத்துச் சுவருக்குப் போனாள். அவர்கள் வீட்டில் ரோசா கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு அவள் உயரத்தைக் குறித்து வைப்பாள். இதையும் அவளுக்காகத்தான் போட்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. சுவரில் முதுகை ஒட்டி, குதிகாலைத் தூக்காமல் விறைப்பாக நின்று, எட்டிவிட்டேனா என்று சாஜிதாவைக் கேட்டாள்.

கோடு அவள் தலைக்கு மேல் நாலு விரல் இருந்தது.

இன்னும் இல்லை என்றாள் சாஜிதா. அடுத்த வருடம் எட்டிவிடுவேனா என்றாள் லூசியா. ரோசா அந்தக் கோட்டைப் பார்த்தாள், தரையில் போர்வைகளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான்கு நாளாக மனசுக்குள் இங்கிலீஷில் கோத்து வைத்திருந்த மன்னிப்பு ஒன்றும் வாயில் வரவில்லை. உன்னை இங்கே கூப்பிட்டேனே என்று மட்டும் சொன்னேன். அவள் சேற்றில் நடந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கூப்பிட்டே. அப்புறம் நீயே வந்து வேணாம்னும் சொன்னியே."

அவள் சொன்ன இங்கிலீஷுக்கு நம் பேச்சில் அதுதான் அர்த்தம். அல்ஹம்துலில்லாஹ், இறைவனுக்கே புகழ், என்றேன். ரோசா அவள் பாஷையில் அதையேதான் சொல்லியிருப்பாள், சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். பிறகு இரண்டு பேரும் ஆளுக்கொரு துடைப்பத்தை எடுத்தோம்.

கான்கிரீட் சுவருக்கு உள்பக்கம் ஒட்டியிருந்த அந்தப் பலகைகளை அறுத்து எறிந்து புதிது போட்டு மூன்று வருடம் ஆகிறது. கோடு இருந்த இடம் எனக்கே இப்போது சரியாகத் தெரியாது. லூசியாவுக்கு எட்டு வயது. நேற்று ரோசாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள் சமையலறையில் என் பக்கத்தில் வந்து நின்றாள், என் தோளுக்கு வந்துவிட்டாள்.